அதே ஆளுங்க, வேற சூப்பர்விஷன்: ஃப்ரீமான்ட் கார் ஃபேக்டரி கேஸ்

"ஆளு சரியில்ல சார்"னு புலம்பாத முதலாளிய நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பத்து பேர் வேலை செய்ற லேத் பட்டறையா இருந்தாலும் சரி ஆயிரம் பேர் இருக்கற ஃபேக்டரியா இருந்தாலும் சரி, பேச்சு கடைசில அங்கதான் வந்து நிக்கும். லீவு சொல்லாம போடறான், சொன்னத செய்ய மாட்டேங்கறான், கண்ணு கொஞ்சம் அசந்தா போன நோண்டறான், நல்ல ஆளு கிடைச்சா நாங்களும் நல்லாத்தான் நடத்துவோம்னு. இந்த வாதத்த நிஜமாவே டெஸ்ட் பண்ணிப் பார்த்த மாதிரி ஒரு கேஸ் இருக்கு. அதே ஊரு, அதே கட்டடம், அதே யூனியன், முக்காவாசிக்கு மேல அதே ஆளுங்க. மாறினது நிர்வாகம் மட்டும்தான். கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ங்கற ஊர்ல இருந்த கார் ஃபேக்டரி அது. மேனேஜ்மென்ட் படிச்சவங்களுக்கு நூமின்னு சொன்னா ஞாபகம் வரும். கிளாஸ்ல பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க, ஆனா உள்ள போய்ப் பார்த்தா நிறைய விஷயம் இருக்கு.

முதல்ல பழைய கதை. ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமா ஜி.எம்.) 1960கள் ஆரம்பத்துல அந்த ஃபேக்டரிய தொறந்தாங்க, 1982-ல மூடிட்டாங்க. இடைல இருந்த இருபது வருஷமும் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடந்தது சண்டைன்னே சொல்லலாம். யூனியன் தலைமைகிட்ட கூட சொல்லாம திடீர் ஸ்டிரைக், ஆயிரக்கணக்குல பைசல் ஆகாம கெடக்கற புகார் மனு, வேலை நேரத்துலயே சரக்கு, போதை, சூதாட்டம் எல்லாம். ஆப்சென்ட் மட்டும் ஏறக்குறைய 20 சதவீதம், அதாவது அஞ்சுல ஒருத்தன் வரமாட்டான். திங்கக்கிழமை காலைல அசெம்பிளி லைன ஓட்டவே ஆள் பத்தாம, ரோட்டுக்கு எதிர்ல இருக்கற பார்ல போய் ஆள் கூட்டிட்டு வந்த கதையெல்லாம் அங்க வேலை செஞ்சவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. கடுப்புல சிலர் காருக்குள்ளயே வேல காட்டினாங்க, கதவுக்குள்ள காலி கோக் பாட்டில போட்டு மூடிடறது, கார் வாங்கினவன் எங்க இருந்து சத்தம் வருதுன்னு தெரியாம அலையணும். ஜி.எம்.ல இருந்த ஃபேக்டரிகள்லயே மோசமான ஒண்ணுன்னு பேர் வாங்குச்சு, மூடினப்போ சுமார் 5,000 பேருக்கு வேலை போச்சு.

இத படிச்சிட்டு "பாரு, நான் சொன்னேன்ல, ஆளுதான் பிரச்சனை"ன்னு சொல்றவங்க கொஞ்சம் பொறுங்க.

அந்த காலத்து ஜி.எம்.ல சூப்பர்வைசரோட வேலை என்னன்னு பார்த்தா ஒரே ஒரு வாக்கியம்தான்: லைன் நிக்கக்கூடாது. எந்த காரணத்துக்கும் நிக்கக்கூடாது. போல்ட் போடலியா, போகட்டும். இன்ஜின் மாறிப்போச்சா, போகட்டும், கடைசில ஒரு யார்டு இருக்கு, அங்க ரிப்பேர் பாத்துக்கலாம். ஷிப்ட் முடிஞ்சு எத்தன வண்டி வெளிய வந்துச்சுங்கறதுதான் சூப்பர்வைசரோட மார்க்கு. அதனால தப்ப கண்ணால பார்த்தாலும் தொழிலாளி வாயத் தொறக்க மாட்டான், சொன்னா திட்டுதான் கிடைக்கும். அப்புறம் வேலைய கண்டபடி துண்டு போட்டு வெச்சிருந்தாங்க, 80-க்கும் மேல வேலை வகை, இந்த வகைல இருக்கறவன் அந்த வகை வேலைய தொட்டா யூனியன் புகார் குடுக்கும். வேலைய எப்படி செய்யணும்னு டிசைட் பண்ண தனியா இன்ஜினியர் பட்டாளம், அவங்க ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டு வந்து நின்னா தொழிலாளி வேணும்னே மெதுவா செய்வான், இன்ஜினியர் அது தெரிஞ்சு ஒரு கணக்குல கொறச்சு எழுதுவான், ரெண்டு பேருக்கும் தெரியும் ரெண்டு பேரும் நடிக்கறோம்னு. இப்படி ஒரு இடத்துல இருபது வருஷம் வேலை செஞ்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆவாங்கன்னு எனக்குத் தோணுது.

டொயோட்டா உள்ள வந்த கதை

1981-ல இருந்து ஜப்பான் கார் அமெரிக்காவுக்குள்ள இவ்வளவுதான் வரலாம்னு ஒரு கட்டுப்பாடு, பேருக்கு ஜப்பானே விரும்பி ஏத்துக்கிட்டதுன்னு சொல்லிக்குவாங்க. அதனால டொயோட்டாவுக்கு அமெரிக்காவுல ஒரு ஃபேக்டரி வேணும், அதவிட முக்கியமா அமெரிக்க தொழிலாளிய வெச்சு தங்களோட முறை ஓடுமான்னு பார்க்கணும். ஜி.எம்.முக்கு சின்ன கார லாபத்துல செய்யத் தெரியல, அத கத்துக்கணும், கூடவே பூட்டிக் கெடக்கற கட்டடத்தையும் உபயோகப்படுத்தணும். ரெண்டு பேரும் 1983-ல கை குலுக்கி ஆளுக்கு பாதின்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங்னு பேரு, சுருக்கி நூமி. காசு, கட்டடம் இதெல்லாம் பங்கு போட்டுக்கிட்டாலும் ஷாப் ஃப்ளோர, அதாவது உற்பத்தி நடக்கற இடத்த, டொயோட்டாதான் ஓட்டும்னு ஏற்பாடு. முதல் பிரசிடென்ட் டட்சுரோ டொயோடா, நிறுவனர் குடும்பத்து ஆளு.

யூனியன் வேணுமான்னு டொயோட்டா ரொம்ப யோசிச்சாங்க. கடைசில அமெரிக்க கார் தொழிலாளிங்களோட யு.ஏ.டபிள்யூ. யூனியன ஏத்துக்கிட்டாங்க, பழைய தொழிலாளிங்களுக்கு முன்னுரிமை குடுக்கறோம்னும் ஒத்துக்கிட்டாங்க. விண்ணப்பம் போட்டவங்களுக்கு மூணு நாள் டெஸ்ட், இன்டர்வியூ, குழுவா ஒரு வேலைய செஞ்சு காட்டறது எல்லாம் வெச்சுத்தான் எடுத்தாங்க, ஆனாலும் ஆரம்பத்துல எடுத்தவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேர் அதே பழைய ஃப்ரீமான்ட் ஆளுங்க. ஜி.எம்.கிட்ட சண்டை போட்டுட்டு இருந்த அதே யூனியன் தலைவருங்களும் உள்ள வந்துட்டாங்க. ஜி.எம். ஆளுங்களுக்கே இது நம்ப முடியல.

ஒரு விஷயத்த நேர்மையா சொல்லணும். வந்தவங்க ரெண்டு வருஷம் வேலை இல்லாம இருந்துட்டு வந்தவங்க. சிலர் வீட்ட வித்துட்டாங்க, சிலர் கிடைச்ச வேலைய பார்த்துட்டு இருந்தாங்க. ஜி.எம். வேலை போனா திரும்ப கிடைக்காதுன்னு பட்டுத் தெரிஞ்சவங்க. அதனால பயமும் ஒரு காரணம், அத மறைச்சிட்டு எல்லாம் டொயோட்டா மந்திரம்னு எழுதறவங்கள நம்பாதீங்க. ஆனா பயம் மட்டுமே போதும்னா அமெரிக்காவுல அப்ப மூடற நிலைமைல இருந்த ஒவ்வொரு ஃபேக்டரியும் ஜம்முனு ஓடியிருக்கணுமே, ஓடலியே.

முதல் வண்டி 1984 டிசம்பர்ல வெளிய வந்துச்சு, செவ்ரலே நோவா. அதுக்கு முன்னாடியே டீம் லீடர், குரூப் லீடர்னு எடுத்த நூத்துக்கணக்கான பேர சின்னச் சின்ன குழுவா ஜப்பானுக்கு அனுப்பினாங்க, டொயோட்டா சிட்டில இருக்கற டகயோகா ஃபேக்டரிக்கு, ஒவ்வொரு குழுவுக்கும் ரெண்டு மூணு வாரம்போல. கிளாஸ் ரூம் பாடம் இருந்துச்சு, ஆனா முக்கியமா லைன்ல நின்னு நேரடியா வேலை செஞ்சாங்க, அவங்கவங்களுக்கு ஒரு ஜப்பான் ஆள் பக்கத்துலயே. அங்க அவங்கள அசர வெச்சது ரோபோ இல்ல. வேலைல ஒரு தடங்கல் வந்தா உடனே ஒருத்தர் வந்து "என்ன பிரச்சனை, நான் என்ன பண்ணணும்"னு கேட்கறாரு. ஜி.எம்.ல இருபது வருஷம் வேலை செஞ்சும் ஒருத்தரும் அந்த கேள்விய கேட்டதில்ல. இந்த பயணத்துல இருந்து திரும்பறப்போ கண் கலங்கி கட்டிப் பிடிச்சு விடை குடுத்துக்கிட்டாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க, ஜப்பான்காரங்களுக்கு அது கொஞ்சம் சங்கடமா கூட இருந்திருக்கும்.

கயிறு

நூமின்னாலே எல்லாரும் சொல்றது அந்த கயிறுதான். அண்டான்னு சொல்வாங்க. லைன் நெடுக தலைக்கு மேல ஒரு கயிறு போகும், வேலைல எதாவது கோளாறு தெரிஞ்சா, இல்ல நேரத்துக்குள்ள முடிக்க முடியலன்னா, தொழிலாளி அத இழுக்கணும். லைன நிறுத்தற அதிகாரம் கூலி வாங்கற கடைசி ஆளுக்கு. இத பத்தி முதல்ல பேச்சு வந்தப்போ ஜி.எம். பக்கத்து ஆளுங்க, "இந்த ஆளுங்க கைலயா குடுக்கப் போறீங்க"ன்னு அதிர்ந்து போனாங்கன்னு ஜான் ஷூக் சொல்லுவார். அவரு ஜப்பான்ல டொயோட்டாவுக்குள்ள வேலைக்குச் சேர்ந்த அமெரிக்கர், நூமிக்கான ட்ரெயினிங்க தயார் பண்ண கூட இருந்தவர். டொயோட்டாகாரங்களுக்கு அந்த அதிர்ச்சியே புரியலயாம், தப்ப கண்ணால பார்க்கறவன்கிட்ட நிறுத்தற அதிகாரத்த குடுக்காம வேற யார்கிட்ட குடுக்கறதுன்னு.

இங்க நிறைய பேர் கோட்டை விடற ஒரு நுணுக்கம் இருக்கு. கயிற இழுத்த உடனே லைன் நிக்காது. மணி அடிக்கும், போர்டுல விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவாரு. ஒவ்வொருத்தரோட வேலையும் ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான், அந்த வண்டி அடுத்த ஸ்டேஷன் எல்லைய தொடறதுக்குள்ள பிரச்சனைய தீர்த்துட்டா திரும்ப கயிற இழுத்து சிக்னல அணைச்சிடலாம், லைன் ஓடிட்டே இருக்கும். தீரலன்னாதான் நிக்கும். அதாவது அந்த கயிறு முதல்ல கேட்கறது "வந்து உதவி பண்ணு"ன்னுதான். கூப்பிட்ட சில நொடில ஒருத்தர் வரணும், வர்றவருக்கு அந்த வேலை தெரிஞ்சிருக்கணும், வந்து திட்டக்கூடாது. இந்த மூணும் இல்லாத ஃபேக்டரில நீங்க வைரத்துல கயிறு கட்டினாலும் ஒருத்தனும் இழுக்க மாட்டான், இழுத்தாலும் ரெண்டு தடவைக்கு மேல இழுக்க மாட்டான்.

நம்ம பக்கமும் இப்ப பாதி கம்பெனில 5எஸ் (இடத்த ஒழுங்கா வெச்சுக்கற முறை) போர்டு, கைசன் (வேலைய கொஞ்சம் கொஞ்சமா மேம்படுத்தறது) போர்டு, சிவப்பு விளக்கு எல்லாம் இருக்கு. விளக்கு எரிஞ்சா யாரு எவ்வளவு நேரத்துல வருவாங்கன்னு கேட்டுப் பாருங்க. மெயின்டனன்ஸ்ல சொல்லியிருக்கோம்பாங்க.

சூப்பர்வைசர் வேலையே மாறிப்போச்சு

எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப முக்கியமா படறது ஆளுக்கும் லீடருக்கும் இருந்த கணக்கு. நாலுல இருந்து ஆறு பேருக்கு ஒரு டீம், அதுக்கு ஒரு டீம் லீடர், அவரும் யூனியன் மெம்பர்தான், அவங்கள்ல ஒருத்தர், மத்தவங்கள விட மணிக்கு கொஞ்சம் சென்ட் கூட. மூணு நாலு டீம் சேர்ந்தா ஒரு குரூப், அதுக்கு குரூப் லீடர், அவர்தான் நிர்வாகத்தோட முதல் படி. டீம் லீடருக்குன்னு லைன்ல நிரந்தர இடம் கிடையாது. அவரோட வேலை கயிறு இழுத்தா ஓடறது, புது ஆளுக்கு சொல்லித் தர்றது, ஒருத்தர் பாத்ரூம் போனா அந்த இடத்துல நிக்கறது, டூல் சரியா இருக்கான்னு பார்க்கறது. டீம்ல இருக்கற எல்லா வேலையும் அவருக்கு செய்யத் தெரிஞ்சிருக்கணும்.

இப்ப நம்ம ஊரு கணக்கு போட்டுப் பாருங்க. முப்பது நாப்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசர், அவரும் பாதி நேரம் கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் போட்டுட்டு, மீட்டிங்ல பதில் சொல்லிட்டு இருப்பாரு. நாப்பது பேருக்கு ஒருத்தர்னா அவரால உதவி பண்ணவே முடியாது, மேற்பார்வை மட்டும்தான் பண்ண முடியும், அதுவும் தூரத்துல இருந்து. "எங்க சூப்பர்வைசர் ஆளுங்கள விரட்டறான்"னு வருத்தப்படற முதலாளி முதல்ல அவர்கிட்ட எத்தன பேர ஒப்படைச்சிருக்கோம்னு எண்ணிப் பார்க்கணும். ஆறு பேருக்கு ஒரு லீடர்னா சம்பளச் செலவு கூடும்னு சொல்வாங்க. ஆமா கூடும். அதே சமயம் பழைய ஃப்ரீமான்ட்ல வேலை முறைய எழுதறதுக்குன்னே வெச்சிருந்த சுமார் 80 இன்ஜினியர்ங்க நூமில இல்ல, கடைசில நின்னு ரிப்பேர் பண்ற கூட்டமும் கொறஞ்சுது. செலவு ஒரு பக்கம் ஏறுச்சு, வேற பக்கம் எறங்குச்சு.

வேலை வகையும் 80-ல இருந்து உற்பத்திக்கு ஒண்ணே ஒண்ணு, மெயின்டனன்ஸ் மாதிரி ஸ்கில்டு வேலைக்கு ரெண்டு மூணுன்னு சுருங்கிப்போச்சு. டீமுக்குள்ள வேலைய மாத்தி மாத்தி செஞ்சாங்க. மேனேஜருங்களுக்கு தனி கேன்டீன் இல்ல, தனி பார்க்கிங் இல்ல. இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணும். ஆனா மழைல நனைஞ்சு தூரத்துல இருந்து நடந்து வர்றவனுக்கு வாசல்ல நிக்கற மேனேஜர் கார் தினமும் ஒரு சேதி சொல்லிட்டே இருக்கும்.

அடுத்தது ஸ்டாப்வாட்ச். இத பால் ஆட்லர்ங்கற பேராசிரியர் நூமிக்கு போய் நல்லா ஆராய்ஞ்சு 1993-ல எழுதினார். வாட்ச தொழிலாளி கைல குடுத்துட்டாங்க. டீம்ல இருக்கறவங்களே ஒருத்தர் செய்றத இன்னொருத்தர் அளந்து, எது நல்ல வழின்னு பேசி, ஒவ்வொரு அசைவும் எந்த வரிசைல எத்தன நொடிலன்னு எழுதி மாட்டுவாங்க. அடுத்த ஷிப்ட்லயும் அதே முறைதான். நாளைக்கு இதவிட நல்ல வழி தெரிஞ்சா தாள மாத்தி எழுதலாம், ஆனா எழுதாம தன் இஷ்டத்துக்கு செய்யக்கூடாது. சுதந்திரமா விட்டா ஆளுங்க நல்லா வேலை செய்வாங்கன்னு ஒரு கூட்டம் பேசும், டைட்டா பிடிச்சாத்தான் வேலை நடக்கும்னு இன்னொரு கூட்டம் பேசும். நூமில பிடி ஜி.எம்.ம விட ரொம்ப டைட்டு. பழைய ஃப்ரீமான்ட்ல ஒரு தொழிலாளி 60 நொடில 45 நொடி போல வேலை செஞ்சா நூமில 57 நொடின்னு ஆட்லர் கணக்கு சொல்றார். ஆனா அந்த விதிய எழுதினது அவங்களே, அதனால அத மதிச்சாங்க. யோசனை குடுக்கற திட்டத்துல 1986-ல 26 சதவீதம் பேர்தான் கலந்துக்கிட்டாங்க, 1991-ல அது 92 சதவீதம். அஞ்சு வருஷம் எடுத்திருக்கு கவனிங்க. சஜஷன் பாக்ஸ் மாட்டி மூணு மாசத்துல ஒண்ணும் வரலன்னு கழட்டற கம்பெனிங்க எத்தனையோ.

எழுதிக் குடுத்த வாக்கு

இதெல்லாம் நிக்கற அடித்தளம் ஒண்ணு இருக்கு, அத யாரும் போட்டோ எடுக்க முடியாது. யூனியனோட போட்ட கான்ட்ராக்ட்ல, கம்பெனியோட நிலைப்பையே பாதிக்கற அளவுக்கு நெருக்கடி வந்தாலொழிய லே ஆஃப் பண்ண மாட்டோம், அப்படியே வந்தாலும் முதல்ல மேல இருக்கற அதிகாரிங்க சம்பளத்த கொறப்போம், வெளிய குடுத்த வேலைய உள்ள எடுப்போம், அதுக்கப்புறம்தான் ஆள் கொறைக்கறத பத்தி பேச்சுன்னு எழுதிக் குடுத்தாங்க. ஏன் இது முக்கியம்னா, வேலைய சுலபமாக்க ஒரு ஐடியா குடுத்து அதனால ஒரு ஆள் தேவையில்லாம போச்சுன்னா, போறது யாரு? நானா என் பக்கத்துல இருக்கறவனா? இந்த கேள்விக்கு பதில் தெரியாத வரைக்கும் எந்த தொழிலாளியும் வாயத் தொறக்க மாட்டான். தொறக்கறவன் முட்டாள்.

இந்த வாக்குக்கு பரீட்சை சீக்கிரமே வந்துச்சு. நோவா விக்கல. கார் நல்ல கார்தான், ஆனா ஜனங்க அதே மாதிரி வண்டிய டொயோட்டா பேர்லதான் கேட்டாங்க. 1988 வாக்குல ஃபேக்டரி திறன்ல 60 சதவீதம் கூட ஓடல. ஜி.எம். ஃபேக்டரின்னா அடுத்த வாரமே ஆயிரம் பேருக்கு நோட்டீஸ் போயிருக்கும். நூமில ஒருத்தரையும் அனுப்பல. லைன் வேகத்த கொறச்சு, மீதி ஆளுங்கள ட்ரெயினிங்ல உக்கார வெச்சாங்க, கைசன் வேலைல போட்டாங்க, வெளி கான்ட்ராக்டர் பார்த்த வேலைய இவங்களுக்கு குடுத்தாங்க. எனக்கென்னமோ நூமி நிஜமா ஆரம்பிச்ச வருஷம் 1984 இல்ல, 1988-ன்னுதான் தோணுது. அதுவரைக்கும் யூனியன்காரங்க மனசுல ஒரு ஓரத்துல "பார்க்கலாம்"னு இருந்திருக்கும்.

ரிசல்ட்டுக்கு வர்றேன். ஆப்சென்ட் 20 சதவீதத்துல இருந்து ரெண்டு, மூணு, மிஞ்சிப்போனா நாலு சதவீதம்னு எறங்கிடுச்சு. அமெரிக்காவோட எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க 1987-ல ஒப்பிட்டுப் பார்த்தப்போ ஒரு கார் அசெம்பிள் பண்ண ஜி.எம்.மோட ஃப்ரேமிங்ஹாம் ஃபேக்டரில 31 மணி நேரம், டகயோகால 16, நூமில 19. நூறு காருக்கு குறை எண்ணிக்கை ஃப்ரேமிங்ஹாம்ல 130-க்கு மேல, டகயோகால 45, நூமிலயும் 45. அதுவும் பெரிய ரோபோ முதலீடு எதுவும் இல்லாம, சுமாரான மெஷின வெச்சு. அதே சமயத்துல ஜி.எம். மத்த ஃபேக்டரிகள்ல ஆட்டோமேஷனுக்கு கோடி கோடியா கொட்டிட்டு இருந்தாங்கங்கறது தனிக் கதை.

கசப்பான பக்கமும் இருக்கு, அது இல்லாம கேஸ் முழுசாகாது. 57 நொடி வேலைன்னா மூச்சு விட நேரமில்லன்னு அர்த்தம். டீம்ல உபரி ஆள் கிடையாது, ஒருத்தர் வரலன்னா டீம் லீடர் லைன்ல போய் நிக்கணும், அப்ப கயிறு இழுத்தா யாரு ஓடி வருவாங்க? அதனால லீவு போட்டா கோபப்படறது மேனேஜர் இல்ல, பக்கத்துல நிக்கற சக தொழிலாளி. இது மேனேஜர் திட்டறத விட மோசம்னு சிலர் சொன்னாங்க. யூனியனுக்குள்ளயே இத எதிர்த்து ஒரு அணி இருந்துச்சு, தொழிலாளர் பக்கம் நின்னு எழுதறவங்க இத மன அழுத்தத்த வெச்சு ஓட்டற நிர்வாகம்னு விமர்சிச்சாங்க. 1993 மாடல் மாத்தினப்போ கை, தோள், முதுகு அடிபட்ட கேஸ் ஏறிப்போச்சு, கலிஃபோர்னியா அரசோட தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு உள்ள வந்து நோட்டீஸ் குடுத்துச்சு. அதுக்கப்புறம் அடுத்த மாடல்ல முன்கூட்டியே தொழிலாளிங்கள சேர்த்து வேலை அமைப்ப சரி பண்ணாங்க. ஒரே வேலைய நாள் முழுக்க நிமிஷத்துக்கு நிமிஷம் செய்ற ஒடம்புக்கு "பங்கேற்பு"ன்னு எவ்வளவு சொன்னாலும் வலி வலிதான்.

காப்பி அடிச்ச கதை

ஜி.எம். நூமிய ஆரம்பிச்சதே கத்துக்கத்தான். மேனேஜருங்கள ரெண்டு வருஷம் அங்க போட்டு எடுப்பாங்க, அவங்க திரும்பிப் போய் ஜி.எம்.ம மாத்தணும். நடந்தது வேற. தெற்கு கலிஃபோர்னியால வான் நைஸ்னு இன்னொரு ஃபேக்டரி, கமாரோ, ஃபயர்பேர்ட் கார் செய்ற இடம், அங்க அதே டீம் முறைய கொண்டு வந்தாங்க. தொழிலாளிங்களுக்கு ஃபேக்டரிய மூடிடுவோம்னு மிரட்டி இத திணிக்கறாங்கன்னு ஒரே சந்தேகம், சீனியாரிட்டி போயிடும்னு பயம், யூனியனே ரெண்டா உடைஞ்சுது. அதவிட மோசம் சூப்பர்வைசர் பக்கம். அவங்களுக்கு இன்னமும் மார்க்கு வண்டி எண்ணிக்கைலதான், அப்புறம் எப்படி லைன நிறுத்த விடுவாங்க? கயிறு இருந்துச்சு, இழுத்தா முறைச்சாங்க. அங்க வேலை பார்த்தவங்க பின்னாடி பேட்டில சொன்னத கேட்டா பாவமா இருக்கும், பார்ட்ஸ் குறையோட வந்தா சப்ளையர்கிட்ட சொல்லி மாத்த கூட அந்த ஃபேக்டரிக்கு அதிகாரம் இல்ல, டிசைன் பண்றவன் வேற ஊர்ல, அவனுக்கு இவங்க பேச்சே காதுல விழாது. வான் நைஸ் 1992-ல மூடியாச்சு.

நூமிய ஒரு இஞ்ச் விடாம போட்டோ எடுத்து அதே மாதிரி பண்ணுன்னு ஒரு பெரிய ஆள் ஆர்டர் போட்டாராம், ஜி.எம்.ல இருந்த ஒரு மேனேஜர் சொன்னது. எடுத்திருப்பாங்க. கயிறு போட்டோல விழும், இழுத்தப்போ ஓடி வந்த டீம் லீடரோட மூஞ்சி கூட விழும். 1988-ல ஒருத்தரையும் அனுப்பலங்கறது எந்த போட்டோல விழும்?

ஆனா ஜி.எம். ஒண்ணுமே கத்துக்கலன்னு சொல்றதும் தப்பு. நூமில இருந்துட்டு வந்தவங்கள்ல சிலர வெச்சு 1990கள் ஆரம்பத்துல ஜெர்மனில ஐசெனாக்ல புதுசா தொடங்கின ஃபேக்டரி நல்லா ஓடுச்சு, அப்புறம் போலந்து, பிரேசில்னு போச்சு. எல்லாம் புது இடம், பழைய பகை இல்லாத இடம். பழைய இடத்துல மாத்தறதுக்கு முதல்ல சூப்பர்வைசருக்கும் அவருக்கு மேல இருக்கறவங்களுக்கும் மார்க்கு போடற முறைய மாத்தணும், அத யாரும் தொடல. ஜி.எம். அமெரிக்காவுல பெரிய அளவுல மாறத் தொடங்கறதுக்குள்ள பல வருஷம் ஓடி, 2009 ஜூன்ல திவால் மனு போட்டாங்க.

டொயோட்டா பேர் இருந்தா போதும்னு நெனைக்கறவங்களுக்கு பெங்களூர் பக்கத்துல பிடதி இருக்கு. அதே டொயோட்டா, கிர்லோஸ்கரோட கூட்டு. அங்க 2006 ஜனவரில சில பேர வேலைய விட்டு எடுத்தத ஒட்டி ஸ்டிரைக், கதவடைப்பு. 2020 நவம்பர்ல ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணதுல ஆரம்பிச்சு உள்ளிருப்புப் போராட்டம், திரும்பவும் கதவடைப்பு, வேலைப் பளு ஏறிடுச்சுங்கறது தொழிலாளிங்களோட முக்கியமான புகார். ஒரே கையேடு, ஒரே கயிறு. இதுல யார் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, ஆனா ஃப்ரீமான்ட்ல நம்பிக்கைய கட்ட எடுத்துக்கிட்ட பாடு ஒவ்வொரு ஊர்லயும் முதல்ல இருந்து படணும், முறை மட்டும் ஃப்ளைட்ல வந்து எறங்கிடாது.

இத படிச்சிட்டு தன்னோட யூனிட்ல எதாவது பண்ணணும்னு நெனைக்கறவங்க கயிறு, போர்டுலாம் வாங்கறதுக்கு முன்னாடி சூப்பர்வைசரோட ஒரு நாளைய பக்கத்துல இருந்து பார்க்கறது நல்லது. எத்தன தடவை அவர யாரோ கூப்பிட்டாங்க, கூப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு போனாரு, போய் முதல்ல வாயில வந்தது "என்ன ஆச்சு"வா "யாரு பண்ணது"வா. அப்புறம் மாசக் கடைசில அவருக்கு எத வெச்சு மார்க்கு போடறோம். எண்ணிக்கைய மட்டும் வெச்சு மார்க்கு போட்டுட்டு குவாலிட்டி பத்தி போஸ்டர் ஒட்டினா அவரு எத கேட்பாரு? சின்ன கம்பெனில லே ஆஃப் இல்லன்னு எழுதிக் குடுக்கறது எல்லாராலும் முடியாது, ஒத்துக்கறேன். ஆனா "நீ குடுத்த யோசனையால உன் வேலையோ உன் கூட இருக்கறவன் வேலையோ போகாது"ன்னு சொல்றது முடியும், சொன்னத ஒரு தடவை காப்பாத்திக் காட்டறதும் முடியும்.

நூமி கதை முடிஞ்ச விதத்தையும் சொல்லிடறேன். திவால் ஆனதும் ஜி.எம். பங்க விட்டுட்டு வெளியேறிடுச்சு, தனியா ஓட்ட டொயோட்டாவுக்கு மனசில்ல, 2010 ஏப்ரல் 1-ம் தேதி மூடிட்டாங்க, சுமார் 4,700 பேருக்கு வேலை போச்சு. அடுத்த மாசமே டெஸ்லா அந்த இடத்த 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு பேசி முடிச்சாங்க. கால் நூற்றாண்டு கயிறு இழுத்து, நொடி எண்ணி, யோசனை குடுத்து வேலை செஞ்சவங்க மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாத நிலைலதான் மூடினாங்க, அதுல யு.ஏ.டபிள்யூ.வுக்கு டொயோட்டா மேல இருந்த கோபம் நியாயமானதுதான்னு நான் நெனைக்கறேன். ஷாப் ஃப்ளோர்ல குடுத்த வாக்க ஷாப் ஃப்ளோர் நிர்வாகம் கடைசி வரைக்கும் காப்பாத்துச்சு, ஓனர்ங்க போர்டு ரூம்ல எடுத்த முடிவு அந்த கான்ட்ராக்ட்டுக்கு வெளிய இருந்துச்சு.